பதினாலாம் கட்டம்

டிக் போட்டுட்டீங்களே, பாத்தீங்களா அதை? இல்லம்மா, குத்தம் சொல்லல. டயர் நாலும் சரின்னு போட்டீங்க. நாம ரெண்டு பேரும் வண்டிக்கு இந்தப் பக்கம்தானே நிக்கிறோம், அந்தப் பக்கத்து ரெண்டு டயர் இங்கிருந்து எப்படித் தெரியும்னு கேட்டேன், அவ்வளவுதான். ஓ, காலையிலயே பாத்துட்டீங்களா. அப்ப சரி. காலையில நல்லா இருந்தது இப்பவும் நல்லாத்தான் இருக்கும். நானும் அப்படியே நெனச்சுக் காலத்தை ஓட்டின ஆளுதான்.

என் பொண்ணு, மாப்பிள்ளை, வீட்டுக்காரி, பேத்தி நாலு பேரும் எதிர்த்த கடைக்குப் போயிருக்காங்க. ரொட்டி, முட்டை, பழம், பாலு, நாலு நாளைக்கு வேணும்ல. எப்படியும் அரை மணி ஆகும். என் வீட்டுக்காரி ஒரு ஆப்பிளை எடுத்தா மேல, கீழ, காம்புக்கிட்டன்னு மூணு தடவை திருப்பிப் பாத்துட்டுத்தான் கூடையில போடுவா. அவளை என் வேலையில போட்டிருந்தா நான் இன்னிக்கு உங்க முன்னாடி இப்படி முழிச்சுக்கிட்டு நிக்க வேண்டியதே இல்ல. என்னை எதுக்கு இங்க விட்டுட்டுப் போனாங்க? வாடகை வண்டியைச் சரிபாத்து வாங்கறதுக்கு. அப்பா பாத்தாப் போதும், அவர் கண்ணுக்கு எதுவும் தப்பாதுன்னு என் பொண்ணு சொன்னாளே, நீங்க கூட சிரிச்சீங்க. அவ கேலிக்குச் சொல்லலம்மா. நெஜமாவே நம்பறா.

அது கெடக்கட்டும். அவங்க வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இதைவிடச் சின்ன வண்டி ஏதாவது இருக்கா? இதே மாதிரிதான், உள்ள படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் வச்ச வீட்டு வண்டிதான், ஆனா எடை கம்மியா. இது காலியாவே மூணரை டன்னுன்னு கதவுல ஒட்டியிருக்கு. தண்ணித் தொட்டியை ரொப்பி, சிலிண்டரை வச்சு, அஞ்சு பேரும் ஏறி, என் வீட்டுக்காரி மூட்டை முடிச்சையும் ஏத்தினா நாலே காலைத் தொட்டுடும். மாப்பிள்ளை கணக்குப் போட்டாச்சு. நாலு டன்னு இருநூத்தி நாப்பது கிலோ. பேத்தியோட கரடி பொம்மை உட்பட. அவரு அப்படித்தான், எதையும் எடை போட்டுத்தான் எடுத்து வைப்பாரு.

எல்லாமே இந்த அளவுதானா? சரி, அப்ப இந்த வண்டியே ரிப்பேர்னு ஒரு வார்த்தை சொல்லிட முடியுமா? கோவப்படாதீங்க. பிரேக்குல ஏதோ சத்தம் வருது, ரெண்டு நாள் ஆகும்னு. அப்புறம் அவங்களுக்கு லீவு தீந்துடும், பயணமும் தானா நின்னு போயிடும். உங்க முதலாளி கேப்பாரா? ஆமா, கேப்பாருதான். நீங்களும் ஒருத்தருக்குப் பதில் சொல்லி வேலை பாக்கறவங்க. எனக்குத் தெரியாதா அது.

பயணம் புடிக்கலையான்னா கேக்கறீங்க? அய்யோ, இந்தப் பயணமே எனக்காகத்தான்மா.

நான் பாலம் சோதிக்கிற வேலையில இருந்தேன். ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பெரிய பாலத்துக்கெல்லாம் பெரிய ஆளுங்க மெஷினோட வருவாங்க. உள் ரோட்டுல இருக்கற ஓடைப் பாலம், வாய்க்கா பாலம், இதெல்லாம் நம்ம தலையில. முப்பத்தி நாலு பாலம். வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொண்ணுக்கும் ஜீப்புல போகணும், பாக்கணும், படிவம் நிரப்பணும், இத்தனை டன் தாங்கும்னு கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான் வேலை. கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்குல்ல? ஆனா போற வழி இருக்கே, அது அப்படி இருக்கும். மரம் ரெண்டு பக்கமும் தலையோட தலை முட்டிக்கிட்டு நிக்கும். ஓடை பக்கத்துலயே பேசிக்கிட்டு வரும். ஒரு ஏரி இருக்கு, அதுல மேகம் அப்படியே கெடக்கும். நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்தேனா? முப்பது வருஷமா வீட்டுக்கு வந்து வந்து அதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரிக்கு ஏக்கத்தை ஏத்தி விட்டுட்டேன். ஆபீஸ் ஜீப்புல அவளைக் கூட்டிட்டுப் போக முடியாது. அப்புறம் போலாம், அப்புறம் போலாம்னு இழுத்தாச்சு. போன மாசம் மாப்பிள்ளை வந்து, மாமா, ஒரு வீட்டு வண்டி எடுத்துக்கிட்டு நீங்க சொல்ற அந்தச் சின்ன ரோடு வழியாவே நாலு நாள் சுத்தலாம், நெடுஞ்சாலைப் பக்கமே தலை வைக்க வேண்டாம்னாரு. என் வீட்டுக்காரி முகத்தைப் பாக்கணுமே நீங்க.

அப்ப எனக்கும் சந்தோஷமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல. அந்தச் சந்தோஷம் முக்கா மணி நேரம் நின்னுது. மாப்பிள்ளை சாப்பாட்டு மேஜையில வரைபடத்தை விரிச்சு, நாலு நாளுக்கு நாலு கலர் பேனா எடுத்து வச்சாரு. முதல் நாளு பச்சை, ஏரிக்கரையில தங்கறது. ரெண்டாம் நாளு சிவப்புப் பேனாவை எடுத்துக்கிட்டு என் பொண்ணைப் பாத்து கண்ணடிச்சாரு. அவ ஓடிப்போய் கூடத்துச் சுவத்துல மாட்டியிருந்த போட்டோவைக் கழட்டிக் கொண்டுவந்து மேஜை நடுவுல வச்சா. அது என்ன போட்டோன்னா, ஒரு பாலத்தோட கைப்பிடிச் சுவர்ல இருக்கற தகரப் பலகை. அஞ்சு டன் தாங்கும்னு போட்டு, கீழ சோதித்தவர்னு என் பேரு. நான் ரிட்டையர் ஆன அன்னிக்கு ஆபீஸ்ல பிரேம் போட்டுக் குடுத்தாங்க. எல்லாப் பாலத்துலயும் பலகை இருக்கு, ஆனா அங்கதான் வெயில் நல்லா விழும், போட்டோ நல்லா வந்துச்சு, அதனால அதைப் போட்டாங்க. முப்பத்தி நாலுல அதுவா கெடைக்கணும்?

என் பேத்திக்கு அது தாத்தா பாலம். நாலு வயசு ஆகப்போகுது, இன்னும் பள்ளிக்கூடம் சேக்கல, ஆனா அந்தப் பலகையில என் பேரை எழுத்துக் கூட்டிப் படிப்பா. சிவப்புக் கோடு நேரா அந்தப் பாலத்து மேல போகுதும்மா. ஏறி இறங்கிப் போறது மட்டும்னா கூட நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். இல்ல, பாலத்து மேல வண்டியை நிறுத்தறாங்களாம். எல்லாரும் இறங்கி, தாத்தாவும் பேத்தியும் பலகை பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு, அங்கயே டீ போட்டுக் குடிக்கணுமாம். என் வீட்டுக்காரியோட ஆசை அது. உங்க பாலத்து மேல உக்காந்து ஒரு டீ குடிக்கணும், வேற ஒண்ணும் கேக்கலன்னா. முப்பத்தாறு வருஷத்துல அவ வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்.

வேற வழி சொல்லிப் பாக்காம இருப்பேனா? ரோடு மோசம்னேன். போன மாசம் யாரோ ஒரு ஆளு அந்த ரோட்டுல போயி வீடியோ எடுத்துப் போட்டிருக்கான், மாப்பிள்ளை அதை டிவியில பெருசாப் போட்டுக் காட்டிட்டாரு. வழுவழுன்னு இருக்கு ரோடு. போன்ல சிக்னல் கெடைக்காதுன்னேன். அதுக்குத்தானேப்பா போறோம்னா பொண்ணு. வழியில கக்கூஸ் வசதி கெடையாதுன்னேன். மாமா, கக்கூஸையே கூட எடுத்துக்கிட்டுத்தானே போறோம்னு மாப்பிள்ளை சிரிச்ச சிரிப்புல மேஜையே ஆடிச்சு. முட்டி வலின்னேன், வண்டியில படுக்கை இருக்கே, படுத்துக்கிட்டு வாங்கன்னா வீட்டுக்காரி. மறுநாள் நானே உக்காந்து ஊதாப் பேனாவால ஒரு சுத்து வழி போட்டேன். நாப்பது கிலோமீட்டர் கூட, அவ்வளவுதான், அதுலயும் மரம் இருக்கு, மோசம் இல்ல. பேத்தி அந்தக் காகிதத்தைப் பாத்துட்டு, தாத்தா பாலம் எங்கன்னா. உதட்டைப் பிதுக்கிட்டா. முடிஞ்சுது கதை. அந்த ஊதாக் கோட்டு மேல கரடி படம் வரஞ்சு வச்சிருக்கா இப்ப.

கடைசியா முந்தாநாள் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிப் படுத்தேன். வெக்கத்தை விட்டுச் சொல்றேன். மாப்பிள்ளை பதறிப்போய்த் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. மேல பூரா வயர் ஒட்டினாங்க, ரத்தம் எடுத்தாங்க, மூச்சை இழுக்கச் சொன்னாங்க. டாக்டர் எல்லாத்தையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துட்டு, பெரியவர் கல்லு மாதிரி இருக்காரு, எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போங்க, மனசுக்கு நல்லதுன்னு சொல்லி அனுப்பிட்டாரு. அந்த டாக்டரைப் பாத்துப் பொறாமையா இருந்துச்சும்மா. எவ்வளவு பொறுமையா உள்ள வரைக்கும் பாக்கறாரு மனுஷன்.

நீங்க ஒரு உதவி பண்ணுங்களேன். வண்டியோட காகிதத்துல, இந்த வண்டி பழைய பாலங்கள் மேல போகக்கூடாதுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. கம்பெனி விதின்னு சொல்லிக்கலாம். ஓ, மாப்பிள்ளை முழுசாப் படிச்சுட்டாரா? பன்னெண்டு பக்கத்தையுமா? ஆமா, படிச்சிருப்பாரு. படிச்சுட்டு ரெண்டு எழுத்துப் பிழையும் சொல்லியிருப்பாரே. சொன்னாரா? நெனச்சேன்.

பாலத்துல என்னன்னு கேக்கறீங்க. ம். தண்ணி இருந்தாக் கொஞ்சம் குடுங்க.

நான் அந்த வேலையில சேந்தப்ப எனக்கு முன்னாடி இருந்தவரு ரெண்டு நாள் கூட வந்து வேலையைக் காட்டிக் குடுத்தாரு. படிவத்துல இருபத்தி ரெண்டு கட்டம். மேல் தளம், கைப்பிடிச் சுவரு, விரிசல், பலகை, மழைத்தண்ணி வடியற ஓட்டை, இப்படி வரிசையா வரும். பதினாலாம் கட்டம் தூணோட பாதம். அதுக்கு மட்டும் கீழ இறங்கணும். அளவு போட்ட நீளக் கம்பு ஒண்ணு ஜீப்புலயே கெடக்கும், அதை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள போய், தூணுக்கு அடியில மண்ணு இருக்கா, தண்ணி அரிச்சுட்டுப் போயிருக்கான்னு குத்திப் பாக்கணும். அந்த மனுஷன் மேலயே நின்னுக்கிட்டு, மாற்றம் ஏதும் இல்லைன்னு எழுதினாரு. நான் இறங்க வேண்டாமான்னு கேட்டேன். தண்ணி இருக்கறப்ப இறங்க முடியாது தம்பி, தண்ணி இல்லாதப்ப இறங்க வேண்டியதில்லன்னாரு. எனக்கு அது ரொம்பப் புத்திசாலித்தனமாப் பட்டுச்சு அப்ப. வீட்டுல வந்து சொல்லிச் சிரிச்சேன் கூட.

மத்ததெல்லாம் நல்லாவே பாப்பேன்மா. கைப்பிடிச் சுவர்ல ஒரு செங்கல் ஆடினா எழுதாம வர மாட்டேன். ஒரு தடவை மேல் தளத்துல ஒரு விரிசலைக் கண்டுபுடிச்சதுக்குப் பாராட்டு கூட வந்துச்சு. பதினாலாம் கட்டம் மட்டும் போன வருஷப் படிவத்தைப் பாத்து அப்படியே எழுதறது. மாற்றம் ஏதும் இல்லை. மாற்றம் ஏதும் இல்லை. எந்த வருஷத்தோட ஒப்பிட்டு மாற்றம் இல்லைன்னு யாராவது கேட்டிருந்தா, எனக்கும் தெரியாது, எனக்கு முன்னாடி இருந்தவருக்கும் தெரியாது. யாரும் கேக்கல. இறங்கற சரிவு வழுக்கும், முள்ளு, மதிய வெயிலு, அடுத்த பாலத்துக்கு நேரமாச்சு. காரணம்னு பெருசா ஒண்ணுமில்லம்மா. சோம்பேறித்தனம்தான். அதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆயிருக்கு எனக்கு.

ரிட்டையர் ஆன மறுமாசம் வீட்டுல உக்காந்திருக்க முடியல. பஸ் ஏறி அந்தப் பாலத்துக்குப் போனேன், போட்டோவுல இருக்கே, ஒரு தடவை பாத்துட்டு வருவோம்னு. கோடை, ஓடையில கணுக்கால் தண்ணி. செருப்பைக் கழட்டி வச்சுட்டு இறங்கினேன். எனக்கு வேற வேலை இல்லாததாலதான் இறங்கினேன், பாத்துக்கங்க. வேலையில இருந்தப்ப இறங்கல. நடுத் தூணுக்கிட்டப் போய்க் குனிஞ்சு, சும்மா கையை வச்சேன். கை உள்ள போச்சு. மணிக்கட்டு போச்சு, முழங்கை போச்சு. தண்ணியில கன்னத்தை வச்சுப் படுத்துக்கிட்டு இன்னும் உள்ள விட்டேன், தோள்பட்டை வரைக்கும் போச்சும்மா. அந்தப் பக்கம் ஒண்ணும் தட்டுப்படல. தூணு மண்ணு மேல நிக்கல. பழக்கத்துல நிக்குது.

அப்பவே சொல்லியிருக்கணும்தான். நீங்க அப்படிப் பாக்காதீங்க. சொல்லாமலும் இல்ல. ஆபீசுக்கு ஒரு கடிதாசி போட்டேன், பேரு போடாம, என் கையெழுத்து தெரிஞ்சுடும்னு இடது கையால. இந்தப் பாலத்து நடுத் தூணைப் பாருங்க, ஆபத்துன்னு. நாலு நாள் கழிச்சு, என் இடத்துக்கு வந்தவரு, என்கிட்ட ஒன்பது வருஷம் வேலை கத்துக்கிட்டவரு, எனக்கே போன் பண்ணினாரு. சார், உங்க மேல பொறாமை புடிச்ச எவனோ ஒரு கிறுக்கன், கோழி கிண்டின மாதிரி ஒரு கடிதாசி போட்டிருக்கான் சார், உங்க பாலத்தைப் போயி குத்தம் சொல்றான் சார், கவலைப்படாதீங்க, கிழிச்சுப் போட்டுட்டேன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நன்றின்னு சொன்னேன்.

அப்புறம் ரெண்டு கடிதாசி போட்டேன். அதுக்கும் ரெண்டு போன் வந்துச்சு. மூணாவது தடவை தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு, எதுக்கும் ஒரு தடவை கீழ இறங்கிப் பாத்துடேன்னு சொன்னேன். அவரு குரலைத் தாழ்த்திட்டாரு. சார், நீங்க முப்பது வருஷம் நல்லா இருக்குன்னு எழுதின பாலம். நான் இப்ப இறங்கி, நல்லா இல்லைன்னு எழுதினா, போன வருஷம் எப்படி நல்லா இருந்துச்சுன்னு என்னைக் கேப்பாங்க, அப்புறம் உங்களைக் கேப்பாங்க. எதுக்கு சார்? உங்க பேரைக் கெடுக்க என் கை வருமான்னாரு. பாசத்துல சொல்றாருங்க. நான்தானே கத்துக் குடுத்தேன் அவருக்கு. பதினாலாம் கட்டம் எழுதறதைக் கூட நான்தானே காட்டிக் குடுத்தேன்.

வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமா? எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்திருக்கு தெரியுமா? போன வாரம் கூட, மாப்பிள்ளை சிவப்புப் பேனாவை மூடி வைக்கறப்ப, இங்க பாருங்கன்னு ஆரம்பிச்சேன். நாலு முகமும் என்னைப் பாத்துச்சு. என் பொண்ணு சின்னப் பிள்ளையா இருக்கறப்ப, உங்கப்பா என்ன வேலை பாக்கறாருன்னு டீச்சர் கேட்டதுக்கு, எங்கப்பா பாலமெல்லாம் விழாம பாத்துக்கறாருன்னு சொன்னவ. அந்த முகத்தைப் பாத்துட்டு, உப்பு எடுத்துக்க மறந்துடாதீங்கன்னு சொல்லி முடிச்சுட்டேன். பயம்தான்மா. வேற என்ன பேரு வைக்கறது இதுக்கு? அறுபத்தி ரெண்டு வயசுல என் பொண்ணைப் பாத்துப் பயப்படறேன்.

இதுல கொடுமை என்னன்னா, விழுந்துடும்னு நிச்சயமாத் தெரிஞ்சா ரோட்டுக்குக் குறுக்க படுத்திருப்பேன். அதுவும் தெரியாது. நாளைக்கே போயிடலாம், பத்து வருஷம் நின்னாலும் நிக்கலாம். ரெண்டு மழைக்காலம் தாண்டிடுச்சே. நான் கல்லு பொறுக்கி அந்தப் பொந்துக்குள்ள அடைச்சுக் கூடப் பாத்தேன். இருபது நாள் அடைச்சேன். ஒரு மழை வந்துச்சு, ஒரு கல்லு மிச்சமில்ல.

அதோ, கடை வாசலுக்கு வந்துட்டாங்க. சிவப்புத் தொப்பி போட்டிருக்கே, அதான் பேத்தி. ரோடு கடக்க இன்னும் கொஞ்சம் ஆகும், என் வீட்டுக்காரி ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் காலை எடுத்து வைப்பா. சீக்கிரம் சொல்லுங்கம்மா, ஏதாவது பண்ண முடியுமா? சாவி தொலைஞ்சு போச்சுன்னாவது சொல்லுங்க.

எப்பவா? நாளைக்குச் சாயந்திரம், நாலு மணிக்குப் பாலத்து மேல. அந்த நேரத்துல வெளிச்சம் பலகை மேல சாஞ்சு விழும், போட்டோவுக்கு நல்லதுன்னு மாப்பிள்ளை குறிச்சு வச்சிருக்காரு. அஞ்சு டன் பாலம், நாலே கால் டன் வண்டி, முக்கா டன் மிச்சம் இருக்கு மாமா, கவலையே இல்லன்னு சொன்னாரு. பாவம், அவரு கணக்குல தப்பே இல்ல. என் அஞ்சை நம்பிப் போட்ட கணக்கு. இன்னொண்ணும் அவருக்குத் தெரியாது. நாலு பத்துக்கு ஸ்கூல் வேன் வரும். இவங்க டீ போட்டுக்கிட்டு நிக்கறப்ப அதுவும் பாலத்து மேல ஏறும். ஒதுங்கிப் போக இடம் இருக்கு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நிக்கும்.

எனக்கு எப்படித் தெரியுமா? நான் தினம் பாக்கறேனே. காலையில பால் வண்டி போயிடும், அதை நான் பாத்ததில்ல, அவ்வளவு சீக்கிரம் பஸ்ஸு கெடையாது. நாலு பத்து வேனு தப்பாது. பதினெட்டுப் பிள்ளைங்க. கடைசி சீட்டுல ஒரு பொண்ணு கண்ணாடியில மூக்கை அழுத்திக்கிட்டு வரும், எனக்குக் கை ஆட்டும். நான் லைப்ரரிக்குப் போறேன்னு வீட்டுல நெனச்சுக்கிட்டு இருக்காங்க. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ரெண்டு வருஷமா, ஸ்கூல் இருக்கற நாளெல்லாம். கரையில ஒரு கல்லு மேல உக்காந்திருப்பேன். வேன் ஏறும், நடுத் தூணைத் தாண்டும், பின் சக்கரம் ரெண்டும் அந்தப் பக்கம் மண்ணுல இறங்கும். அப்புறம் எந்திரிச்சு வீட்டுக்கு வந்துடுவேன். அங்க உக்காந்து நான் என்ன கிழிக்கப் போறேன்? எனக்கு நீச்சல் கூடத் தெரியாது. இருந்தாலும் போறேன்.

வந்துட்டாங்க, வந்துட்டாங்க. கண்ணைத் தொடைச்சுக்கங்கம்மா, என் பொண்ணு கேப்பா. காகிதத்தைக் குடுங்க, எங்க போடணும்? இங்கயா? வண்டியின் அடிப்பாகம் உட்பட அனைத்தும் என்னால் பார்வையிடப்பட்டதுன்னு போட்டிருக்கே. நீங்க குனிஞ்சு பாத்தீங்களா? நானும் பாக்கல. சரி, பரவாயில்ல, பேனாவைக் குடுங்க, போட்டுடறேன். பேத்தி கூப்பிடறா பாருங்க. வர்றேன்டா கண்ணு, தாத்தா ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். குடுங்கம்மா. பேனாவைக் குடுங்க. ஏம்மா, விட மாட்டேங்கறீங்களே. விடுங்கம்மா.